காற்று வேண்டாத பெட்டி

பஸ் அவர்களைத் துரை பங்களாவின் வாசலில் இறக்கிவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் போயிற்று. யோகநாதன் ஆர்மோனியப் பெட்டியை வலது தோளில் வைத்திருந்தான். இடது கை மார்போடு மடங்கி நின்றது. இரஞ்சிதத்தின் கையில் சாப்பாட்டுப் பொதி இருந்தது.

"கொஞ்சத் தூரம் நான் கொண்டு வரட்டே?"

"வேண்டாம்."

அதைத்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். கூத்துப் பெட்டியைப் பெண்கள் தொடுவதில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அது அவள் வீட்டில் இருந்தது. அவள் அதைச் சுற்றிக் கூட்டுவாள். அதில் படியும் தூசியைத் துடைப்பது அவன்தான்.

இன்று அதைக் கொடுத்துவிடப் போகிறான். முள்ளியவளைக் கூத்துக்காரரில் ஒருவரான பரமலிங்கம் பின்னேர பஸ்ஸில் வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குப் பெட்டி தேவைப்பட்டது. பெட்டியை முள்ளியவளைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அது யோகநாதன் பிறந்த ஊர். அங்கே போனால் எல்லாரும் கையைப் பார்ப்பார்கள். அதனால் பாதி வழியில் இந்த இடத்தைச் சொல்லியிருந்தான்.

வட்டக்கச்சியில் காணி கிடைத்துக் காடு வெட்டியபோது பாலை மரமொன்று சரிந்து கையில் விழுந்தது. எலும்பு பொருந்தியது. முழங்கை நீளவில்லை. விரல்கள் மடங்கவில்லை. மண்வெட்டியை எப்படியோ பிடிக்கப் பழகிக்கொண்டான். ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிடிக்க முடியவில்லை. வலது கை கட்டைகளில் ஓட, இடது கை பின்னால் காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில்லாவிட்டால் பெட்டி வெறும் பலகை.

ஒருமுறை வட்டக்கச்சிக் கூத்தொன்றில் முயன்று பார்த்தான். அயற்காணிச் சிற்றம்பலம் பக்கத்தில் இருந்து துருத்தியை அடித்தார். நல்ல மனிதர். பலமாக அடிக்க வேண்டிய இடத்தில் விட்டார், விட வேண்டிய இடத்தில் அடித்தார். ராசா மேடைக்கு வரும் வரவுப் பாட்டு நடுவில் பெட்டி மாடு போலக் கத்தியது. சனம் சிரித்தது. மேடையில் நின்ற ராசாவும் சிரித்துவிட்டான். அன்று வீட்டுக்கு வந்த யோகநாதன் பெட்டியைத் துணியால் சுற்றிக் கட்டினான். பிறகு அவிழ்க்கவில்லை.

"ஒரு பெட்டியை ரெண்டு பேர் வாசிக்கேலாது" என்றான் அன்று. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் கதைத்ததில்லை.

இரஞ்சிதம் கேட்டதுமில்லை. ஆனால் கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பங்களா தென்னந்தோட்டத்துக்குள் இருந்தது. றோட்டை வெட்டுவித்த வெள்ளைக்காரத் துரை கட்டியது. நூறு வருடம் இருக்கும் என்றார்கள். சுவர் ஒரு முழத்துக்கும் மேலே தடிப்பு. இப்போதைய சொந்தக்காரர் கொழும்பில் இருந்தார். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த மீராசாகிபுதான் பங்களாவையும் பார்த்துக்கொண்டார். ஊரார் அண்ணன் முறையில் அவரை 'நானா' என்பார்கள். முற்றம் முழுவதும் கொப்பரா காய்ந்தது.

"வாங்கோ தம்பி, வாங்கோ பிள்ளை. பரமலிங்கத்தார் சொல்லிவிட்டவர். இருங்கோ. ஹாலிதா, தண்ணி கொண்டு வா." மீராசாகிபு பருத்த மனிதர். பார்வையாளரைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. வந்தனியள் பங்களாவைப் பாருங்கோ. கார் பிடிச்சு வந்து பாக்கிற சனமும் இருக்கு."

அவர் முன்னால் போனார். யோகநாதன் பெட்டியை விறாந்தையில் இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் போனான்.

"இது துரை இருந்த கதிரை. இதில இருந்துதான் ஒருத்தனை நாடு கடத்தினவராம்."

"ஆரை, நானா?" என்றாள் இரஞ்சிதம்.

"ஆருக்குத் தெரியும்? வாறவைக்கு ஒரு கதை வேணுமெல்லே."

தண்ணீருடன் வந்த அவர் மனைவி ஹாலிதா, "போன மாசம் சொன்ன கதையில ரெண்டு பேரைக் கடத்தினவர்" என்றாள்.

மீராசாகிபு அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கூரையைக் காட்டினார். நீண்ட மரச்சட்டமொன்று தொங்கியது. அதில் கிழிந்த துணி.

"இது பங்கா. கயிறு அந்த ஓட்டையால விறாந்தைக்குப் போகுது. அங்க ஒருத்தன் குந்தியிருந்து இழுத்துக்கொண்டே இருக்கோணும். துரைக்குக் காத்து உள்ளுக்கு. அவனுக்கு வேர்வை வெளியில."

யோகநாதன் கயிற்றைப் பார்த்தான். ஓட்டையின் விளிம்பில் கயிறு உரசிப் பள்ளம் விழுந்திருந்தது.

கடைசி அறையில் கொப்பராச் சாக்குகள் அடுக்கியிருந்தன. சில தரையில். சில ஓர் உயரமான மரப்பெட்டியின் மேல்.

"இது அலுமாரியோ?"

"துரைசாணியின்ரை பியானோ. கப்பலில வந்தது. அவ போகேக்கை இதைக் கொண்டு போகேல்லை. நான் வந்த நாளிலயிருந்து திறக்கேல்லை, பல்லி வரும் எண்டு."

யோகநாதன் அசையாமல் நின்றான். பிறகு வலது கையால் ஒரு சாக்கை இழுத்தான். மீராசாகிபு மற்றவற்றை இறக்கினார். மூடியைத் தூக்கியபோது பல்லி வரவில்லை. மஞ்சளேறிய கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. சிலவற்றில் மேல் தகடு உரிந்து மரம் தெரிந்தது.

"எங்கட பெட்டியின்ரை கட்டைதான்" என்றான். "நீட்டுத்தான் கூட."

"அமத்திப் பாருங்கோவன்."

"காத்தில்லாமல் கட்டையை அமத்தக் கூடாது." பெட்டி பழகுபவனுக்கு அது முதல் பாடம். அவன் பியானோவின் பின்புறம் போய்ப் பார்த்தான். துருத்தி இல்லை. பக்கங்களைத் தட்டிப் பார்த்தான். குனிந்தான். கீழே இரண்டு பித்தளை மிதிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று களிம்பேறி இறுகியிருந்தது. மற்றது அசைந்தது.

"இஞ்ச கிடக்கு காத்து" என்றான். பிறகு நிமிர்ந்து அறையைப் பார்த்தான். இருந்து வாசிக்க ஆசனம் இல்லை. நின்றுகொண்டுதான் வாசிக்கலாம். நின்றுகொண்டு மிதிக்க முடியாது. "துரைசாணி வாசிக்கேக்கை ஒருத்தி கீழ இருந்து இதை அமத்தியிருப்பாள். பங்கா மாதிரி."

"அப்பிடித்தான் இருக்கும்" என்றார் மீராசாகிபு. "இனி வாறவைக்கு அதையும் சொல்லுவன்."

"நானா, ஒருக்கா அமத்துவியளோ?"

"நான் குந்தினால் எழுப்ப ரெண்டு பேர் வேணும்."

யோகநாதன் திரும்புவதற்குள் இரஞ்சிதம் தரையில் இருந்துவிட்டாள். இது கூத்துப் பெட்டி அல்ல.

"நான் குதிக்காலைத் தூக்கேக்கை அமத்து."

பித்தளை குளிர்ந்திருந்தது. அவள் உள்ளங்கையை வைத்து அமர்த்தினாள். மேலே ஒரு கட்டை இறங்கியது. மணி அடித்தது போல ஒரு சத்தம் எழுந்து, எழுந்த உடனே குறையத் தொடங்கியது.

"ஒழுகுது" என்றான். "எங்கயோ காத்து ஒழுகுது. விடாமல் அமத்து."

அவள் விட்டு விட்டு அமர்த்தினாள். அமர்த்தும்போது ஓசைகள் ஒன்றோடொன்று கூடிப் பரந்தன. விட்டால் அடங்கின. சில கட்டைகள் ஊமை. சில இரண்டு குரலில் பேசின. அவன் விரல் கட்டைகளில் ஏறி இறங்கி ஊமைகளை அறிந்துகொண்டது. அவற்றைத் தவிர்த்து அவன் ஒரு சுருதியைத் தேடினான். கிடைத்தது.

பிறகு ராசா வரவுப் பாட்டைத் தொடங்கினான்.

இரஞ்சிதத்துக்கு அவன் முகம் தெரியவில்லை. வேட்டிக் கரையும் குதிக்காலும்தான் தெரிந்தன. முதல் அடி முடிவதற்குள் குதிக்காலைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். இந்தப் பாட்டை எத்தனையோ காலைகள் கேட்டிருக்கிறாள். அவன் உள்ளே பெட்டியோடு இருப்பான். அவள் வெளியே உரலோடு நிற்பாள். பாட்டு எழும்பும் இடத்தில் உலக்கை எழும்பும். அப்படி எழும்பாவிட்டால் கை கூடுதலாக நோகும்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவனுடைய மடங்கிய இடது கை மார்போடுதான் இருந்தது. ஆனால் தோள் முன்னும் பின்னும் அசைந்தது. இல்லாத துருத்தியை அது அடித்துக்கொண்டிருந்தது.

சாக்குத் தூசி மூக்கில் ஏறியது. அவள் தும்மினாள். மீண்டும் தும்மினாள். இரண்டு கையாலும் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைப் பொத்தினாள்.

மேலே பாட்டு போய்க்கொண்டிருந்தது.

அவள் மிதியைப் பார்த்தாள். ஒருவரும் அதைத் தொடவில்லை. பாட்டு கொஞ்சம் வறண்டிருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. யோகநாதன் கண்ணை மூடியிருந்தான். அவனுக்குத் தெரியவில்லை.

இதுக்கு என்ரை கை தேவையில்லை என்று நினைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் தனியாக வாசிக்கிறான். இந்த அறையை விட்டு வெளியே போனால் அது முடிந்துவிடும். இந்தப் பெட்டியை வட்டக்கச்சிக்குக் கொண்டுபோக முடியாது.

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற ஹாலிதா, "என்ன தங்கச்சி, நீ அமத்தேல்லையே?" என்றாள். "பிறகு எப்பிடி இது பாடுது?"

கட்டைகளில் ஓடிய கை நின்றது. யோகநாதன் கீழே பார்த்தான். இரஞ்சிதம் வெறும் கைகளைக் காட்டினாள்.

அவன் ஒரு கட்டையை அமர்த்தினான். ஒலித்தது. இன்னொன்றை அமர்த்தினான். ஒலித்தது.

மீராசாகிபு மேல் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் முன்னால் கம்பளி சுற்றிய சின்னச் சுத்தியல். யோகநாதன் கட்டையைத் தொட, ஒரு சுத்தியல் போய்க் கம்பியை அடித்துவிட்டுத் திரும்பியது.

"காத்து எண்டு ஒண்டுமே இல்லை!" என்றார் மீராசாகிபு. "முழுக்கத் தச்சுவேலை!"

யோகநாதன் சிரித்தான். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரிப்பதை இரஞ்சிதம் மறந்திருந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"பாவம், பிள்ளை இவ்வளவு நேரமும் சும்மா அமத்தினது" என்றாள் ஹாலிதா.

யோகநாதன் சிரிப்பை நிறுத்தினான்.

"சும்மா இல்லை" என்றான்.

தேத்தண்ணியை ஒருவரும் எடுக்கவில்லை. அவன் இரஞ்சிதத்தைப் பார்த்தான்.

"ரெண்டாம் அடியில ஒரு இழுப்பு வருது. அதில விட்டுப்போட்டு ஏன் திருப்பி அமத்தினனீ?"

"அதில நீங்கள் அப்பிடித்தானே அடிக்கிறனீங்கள்."

"ஆர் சொன்னது?"

"உரலடியில நிண்டா கேக்கும்தானே."

"சிற்றம்பலத்தாருக்கு ஒரு மாதமாச் சொல்லிக் குடுத்தனான். அந்த இடம் அவருக்கு விளங்கவே இல்லை."

"அவர் நெல்லுக் குத்தினவரே?" என்றாள் ஹாலிதா.

யோகநாதன் மூடியை மெதுவாக இறக்கினான். "நீ ஒருக்காலும் சொல்லேல்லையே."

"பெட்டியைத் தொடக் கூடாது எண்டு சொல்லியிருக்கிறியள். தொடாமல் என்னத்தைச் சொல்ல?"

றோட்டில் பஸ் ஒலி கேட்டது. எல்லாரும் விறாந்தைக்கு வந்தார்கள்.

பரமலிங்கம் தென்னைகளுக்கிடையே நடந்து வந்தார். கூத்தில் ராணி வேஷம் அவருடையது. தலைமயிரை வளர்த்துக் கொண்டையாக முடிந்திருந்தார். நடை வேஷத்தை விட்டு முழுவதாக வெளியே வந்ததில்லை. தோளில் ஒரு துவாய் இருந்தது. பெட்டியைத் தலையில் வைக்கச் சும்மாடு கட்டுவதற்கு.

"யோகு, சுகமோ? தங்கச்சி, சுகமோ?" விறாந்தையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் போல் இருந்தார். "அண்ணாவியார் கேட்டவர் உன்னை. பெட்டி முதல் வரட்டும், ஆளைப் பிறகு தேடுவம் எண்டார். வைகாசிக் கூத்துக்கு இன்னும் நாள் கிடக்கு."

"ஆள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?"

"ஒருத்தன் வந்தவன். நல்லாச் சாப்பிட்டவன்."

யோகநாதன் பெட்டியருகே இருந்தான். வலது கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அவனே இறுக்கிய முடிச்சு. ஒரு கைக்கு வரவில்லை. பரமலிங்கம் குனிந்தார்.

"விடுங்கோ" என்றான் யோகநாதன். "இரஞ்சிதம், இதை அவிழ்."

அவள் அசையவில்லை. பரமலிங்கத்தைப் பார்த்தாள். பரமலிங்கம் யோகநாதனைப் பார்த்தார்.

"அவிழ்" என்றான் மீண்டும். "பிறகு இதில வந்து இரு."

அவள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். துணி விலகியது. மரத்தின் நிறம் அவள் நினைத்திருந்ததை விடக் கறுப்பாக இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. அவன் துருத்தியின் கொக்கியைக் காட்டினான். கழற்றினாள்.

முதல் இழுப்பைப் பலமாக இழுத்துவிட்டாள். பெட்டி அலறியது. முற்றத்தில் கொப்பரா கொத்திய காகங்கள் எழும்பின. இரஞ்சிதம் கையை எடுத்துவிட்டாள். சிற்றம்பலத்தின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எனக்கு ஏலாது."

"அது இறுகின சாமான். அதுக்குப் பழகின கையால இதை இழுத்தனீ. இது லேசு." அவன் குரலைத் தாழ்த்தினான். "என்னைப் பாக்காதை. குத்துற மாதிரி நினை."

அவள் முற்றத்தைப் பார்த்தாள். கையை வைத்தாள்.

இந்த முறை ஓசை வந்து நின்றது. பியானோவைப் போல வந்தவுடன் மங்கவில்லை. அவள் கொடுக்கும் வரை இருந்தது. அவன் அதன்மேல் அடுத்ததை வைத்தான். முதல் அடியில் ஓரிடத்தில் தடக்கியது. அவன் நிறுத்தவில்லை. இரண்டாம் அடியின் இழுப்பு வந்தது. அவள் விட்டு அமர்த்தினாள். பாட்டு அந்த இடத்தைக் கடந்து மேலே போயிற்று.

யோகநாதனின் இடது தோள் அசையவில்லை.

ராசா வரவு முடிந்தால் ராணி வரவு. பரமலிங்கம் கேட்கப்படாமலே விறாந்தைத் தூணருகில் போய் நின்று, துவாயைத் தோளில் சரி செய்து, பாடினார். ஆண் குரல் அல்ல, பெண் குரலும் அல்ல. ராணியின் குரல். ஹாலிதா வாயைப் பொத்திக்கொண்டாள். மீராசாகிபு துரையின் கதிரையைத் தூக்கி வந்து போட்டு அதில் இருந்து கேட்டார்.

முடிந்ததும் பரமலிங்கம் தூணில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணாவியார் என்ன சொல்லுவாரோ தெரியாது" என்றார் பரமலிங்கம். "எங்கட கூத்தில இதுவரைக்கும் பொம்பிளை எண்டா நான் ஒருத்தன்தான்."

"உங்கட வேஷம் பறிபோயிடும் எண்டு பயமோ?" என்றாள் ஹாலிதா.

"அந்த இடுப்பு ஆருக்கு வரும்?" அவர் துவாயை உதறினார். யோசித்தார். "பக்கப்பாட்டுக்காரருக்குப் பின்னால ஒரு திரை கட்டலாம். இல்லாட்டில் கட்டாமல் விடலாம். சனம் முதல் நாள் பாக்கும். ரெண்டாம் நாள் பாட்டைக் கேக்கும்."

"அவர் வேண்டாம் எண்டால்?" என்றாள் இரஞ்சிதம்.

"பெட்டியைக் கொண்டு வா, ஆளைத் தேடுவம் எண்டவர். ஆளோட கொண்டு போனால் வேண்டாம் எண்டே சொல்லப் போறார்? சொன்னால் நான் ராணி கட்டமாட்டன். பிறகு ராசா தனியத்தான் ஆடவேணும்."

யோகநாதன் பெட்டியை மூடினான். கொக்கியை இரஞ்சிதம் போட்டாள். அவன் கேட்கவில்லை.

"இண்டைக்கே வாறன்" என்றான். "நானே போய்ச் சொல்லுறன்."

"முள்ளியவளைக்கோ?" என்றாள் அவள்.

"ஓம்."

"கன்றுக்குட்டி வெளியில நிக்குது."

"இராசேஸ்வரி அக்கா பாத்துக் கட்டுவா."

பக்கத்து வீட்டு இராசேஸ்வரி கட்டுவாள்தான். இரஞ்சிதம் பொதியை அவிழ்த்தாள். கொண்டுவந்த புட்டை ஐந்தாகப் பங்கிட்டாள். எல்லாரும் விறாந்தையில் இருந்து சாப்பிட்டார்கள். ஆறிப்போன தேத்தண்ணியை ஹாலிதா மீண்டும் சூடாக்கிக் கொண்டு வந்தாள்.

புறப்படுமுன் யோகநாதன் கடைசி அறைக்குப் போனான். சாக்குகள் தரையிலேயே கிடந்தன. அவன் பியானோவின் மூடியைத் திறந்து ஒரு கட்டையை மட்டும் அமர்த்தினான். ஓசை முழுவதும் போகும் வரை நின்றான்.

"நானா, இதின்ரை மேல சாக்குப் போடாதையுங்கோ."

"அப்ப நீங்கள் வந்து வாசிக்கோணும்."

"வைகாசி முடிய வாறம்."

பெட்டியைப் பரமலிங்கம் தலையில் வைக்க வந்தார். இரஞ்சிதம் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள். மறுபக்கத்தை யோகநாதன் வலது கையால் பிடித்தான். பரமலிங்கம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

"தம்பி!" மீராசாகிபு விறாந்தையிலிருந்து கூப்பிட்டார். "காத்தடிச்ச கதையை வாறவைக்குச் சொல்லட்டோ, விடட்டோ?"

"சொல்லுங்கோ நானா."

"துரைசாணி செய்தது எண்டோ, நீங்கள் செய்தது எண்டோ?"

"நாங்கள் எண்டு."

பஸ் வந்தது. கொண்டக்டர் இறங்கி, பெட்டியை மேலே ஏற்றச் சொன்னான். யோகநாதன் வேண்டாம் என்றான். உள்ளே இரண்டு பேருக்கு இடம் இருந்தது. பரமலிங்கம் நின்றுகொண்டார். பெட்டி பாதி அவன் மடியிலும் பாதி அவள் மடியிலுமாக இருந்தது. பள்ளங்களில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் அவள் அதன்மேல் கையை வைத்து அமர்த்திக்கொண்டாள்.